கரையோரச் சாட்சிகள் – 11: ஏற்காதவர்கள் முன்னால்

வென்னப்புவப் பக்கம் ஜெபக் கூட்டம் முடிந்ததும் ஊழியக்காரரைச் சுற்றி முதலில் கூடுவது தாய்மார்தான். கையில் மகனுடைய கடவுச்சீட்டுப் பிரதி இருக்கும். சிங்களத்தில் கேட்டாலும் தமிழில் கேட்டாலும் கேள்வி ஒன்றுதான்: "பாஸ்டர், இத்தாலி விசா எப்ப வரும்? ஆண்டவர் ஏதும் காட்டினவரா?" இத்தாலியில் உழைக்கும் பிள்ளைகளின் பணத்தில் மாடி வீடுகள் எழும்பிய ஊர் அது, குட்டி இத்தாலி என்றே பெயர் வாங்கிவிட்டது. வடக்கே கற்பிட்டி வாடிகளுக்குப் போனால் கேள்வி கடலைப் பற்றியதாக இருக்கும், படகுக்கு வாங்கிய கடனைப் பற்றியதாக இருக்கும்.

அந்தத் தாயின் முகத்தைப் பார்த்துக்கொண்டு, "எனக்கு ஒன்றும் காட்டவில்லை அம்மா, சேர்ந்து ஜெபிப்போம்" என்று சொல்ல நெஞ்சுரம் வேண்டும். சொன்னால் அடுத்த வெள்ளிக்கிழமை அவர் வேறு கூட்டத்தில் இருப்பார். தீர்க்கதரிசன ஊழியத்தில் இன்று புறக்கணிப்பு கல்லெறியாக வருவது குறைவு. ஆளில்லாத பிளாஸ்டிக் கதிரைகளாகத்தான் அது வருகிறது. ஊரார் எதிர்ப்பும் உண்டுதான். புதிய வழிபாட்டிடங்களுக்கு முன் அனுமதி வேண்டும் என்ற 2008ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையைக் காட்டிச் சின்னச் சின்ன ஜெப வீடுகளை மூடச் சொன்ன கதைகள் இந்த நாட்டில் ஏராளம். ஆனால் ஓர் ஊழியக்காரரின் உள்ளத்தை உடைப்பது வெளியார் எதிர்ப்பைவிட, நேற்றுவரை "ஆமென்" சொன்னவர்கள் இன்று வராமல் போவதுதான்.

அதற்குப் பிறகு நடப்பதுதான் எனக்குக் கவலை. அடுத்த கிழமைப் பிரசங்கத்தில் எரேமியா வருவார். தீர்க்கதரிசிக்குச் சொந்த ஊரில் மதிப்பில்லை என்ற வசனம் வரும். என்னை ஏற்காததே நான் அழைக்கப்பட்டவன் என்பதற்கு அடையாளம் என்று முடியும். இதை நான் முழு மனதோடு மறுக்கிறேன். எரேமியாவை ஏற்கவில்லை என்பது உண்மை. பொய் சொன்னவர்களையும் பல தடவை மக்கள் ஏற்கவில்லை என்பதும் உண்மை. கொரிந்து சபைக்கு எழுதும்போது பவுல், தீர்க்கதரிசிகள் இரண்டு மூன்று பேர் பேசட்டும், மற்றவர்கள் நிதானிக்கட்டும் என்று ஒழுங்கு வைத்தார். நிதானிக்கும் உரிமை கேட்பவர்களுக்கு உண்டென்றால், வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் அதற்குள் அடக்கம். எழும்பிப் போன அந்தத் தாய் ஒருவேளை விசுவாசத்தில் குறைந்தவர் அல்ல, நிதானித்தவர்.

ஆதிச் சபையின் கைந்நூலான திதாக்கே இதில் இன்னும் கறார். ஊர் ஊராக வரும் அப்போஸ்தலன் மூன்று நாள் தங்கினால் பொய்த் தீர்க்கதரிசி. ஆவியில் பேசுவதாகச் சொல்லித் தனக்குப் பணம் கேட்டால் அவனுக்குச் செவிகொடுக்காதே என்கிறது. அந்நூல் கேட்பது தரிசனத்தின் ஆழத்தையல்ல, பேசியவனுக்கு அதில் என்ன இலாபம் என்பதைத்தான்.

எரேமியாவின் பெயரை எடுப்பவர்கள் அனனியாவோடு நடந்த அந்தக் காட்சியையும் வாசிக்க வேண்டும். இரண்டே வருடத்தில் பாபிலோனின் நுகம் முறியும் என்று அனனியா ஆலயத்தில், எல்லோர் முன்னிலையிலும் சொல்கிறான். எரேமியா முதலில் சொல்வது "ஆமென்", அப்படியே ஆகட்டும் என்பதுதான். தன் வார்த்தை பொய்த்து ஜனங்கள் பிழைத்தால் அவருக்குச் சந்தோஷம். அனனியா அவர் கழுத்திலிருந்த மரநுகத்தைப் பிடுங்கி உடைக்கிறான். எரேமியா பதில் பேசாமல் தன் வழியே போகிறார். மறுவார்த்தை பிறகுதான் அவருக்கு அருளப்படுகிறது. யோனாவுக்கு இது முடியவில்லை. நினிவே மனந்திரும்பித் தப்பியபோது அவருக்குக் கோபம் வந்தது. தன் சொல் நிறைவேறுவது அவருக்கு ஒரு நகரத்தின் உயிரைவிடப் பெரிதாகப் போய்விட்டது. நம்முடைய நோக்கத்தைச் சோதிக்க இதைவிடக் கூரான கேள்வி எனக்குத் தெரியாது: நான் எச்சரித்த குடும்பம் ஒரு கேடும் வராமல் நன்றாக இருந்தால் எனக்கு ஆறுதலா, ஏமாற்றமா?

இந்தக் கரையிலேயே இதற்கு விடையாக ஒரு வாழ்க்கை நடந்து போயிருக்கிறது. யோசப் வாஸ் அடிகளார் தன்னைத் தீர்க்கதரிசி என்று அழைத்துக்கொண்டவர் அல்லர். 1651இல் கோவாவில் பிறந்தவர். கத்தோலிக்கக் குருவுக்கு அடைக்கலம் கொடுத்தால் மரண தண்டனை என்று ஒல்லாந்தர் 1658இலேயே கட்டளை போட்டிருந்த தீவுக்கு, 1687இல் கூலியாள் வேடத்தில் வந்து சேர்ந்தார். யாழ்ப்பாணத்தில் இருக்க முடியாமல் 1690இல் கண்டி அரசின் எல்லைக்குள்ளிருந்த புத்தளத்துக்கு வந்தார். இங்கே ஏறக்குறைய ஒரு வருட ஊழியம் நல்ல பலன் தந்தது. ஏற்றுக்கொண்ட ஊரிலேயே தங்கியிருக்கலாம். 1692இல் கண்டிக்குப் போனார்.

அங்கே கிடைத்த வரவேற்பு சிறை. போர்த்துக்கேய ஒற்றன் என்று அரண்மனையில் குற்றம் சாட்டியவர் இன்னொரு கிறிஸ்தவர், லனரோல் என்ற பிரெஞ்சுக் கல்வினியர். தன் ஆட்கள் கையாலேயே அடி விழுந்ததுபோல. அடிகளார் சிறையில் செய்தது என்ன? சிங்களம் படித்தார். தப்பியோட முயலாதவரை காவலர்கள் கண்டுகொள்ளவில்லை என்று ஆனதும், ஒரு சிறு குடிசை எழுப்பி அதைக் கோயிலாக்கினார். தன்னை ஒற்றன் என்று நினைப்பவர்களின் மொழியை உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படிப்பது லேசான காரியமல்ல. கோபம் உள்ள மனசுக்கு அது ஓடாது.

1697இல் கண்டியில் பெரியம்மை பரவியது. நோயாளிகளைச் சொந்தக்காரரே காட்டில் விட்டு ஓடினார்கள். அடிகளாரும் அவருடைய மருமகன் யோசப் கர்வாலோ அடிகளாரும் அவர்களைத் தேடிப்போய்க் கழுவினார்கள், கஞ்சி ஊட்டினார்கள், இறந்தவர்களைப் புதைத்தார்கள். தன்னைச் சிறையில் போட்ட நகரத்தில் கொள்ளைநோய் வந்திருக்கிறது. "கர்த்தர் நியாயந்தீர்த்தார்" என்று மேடை போட்டுச் சொல்ல இதைவிட நல்ல சந்தர்ப்பம் யாருக்குக் கிடைக்கும்? அவர் கையில் இருந்தது கஞ்சிக் கலயம். பின்னாளில் ஆயர் பதவி தேடி வந்தபோது அதையும் வேண்டாம் என்றார். 1711 ஜனவரி 16இல் கண்டியிலேயே இறந்தார். 2015இல் காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

தன்னை ஏற்காத வீட்டைப் பற்றி "பாருங்கள், என்ன நடக்கப் போகிறதென்று" என்று சொல்லும் ஊழியக்காரர்களை நான் கேட்டிருக்கிறேன். அந்த வார்த்தை ஒரு மீனவக் குடும்பத்துக்குள் போனால் என்ன செய்யும் என்பது கரையில் வாழ்பவர்களுக்குத் தெரியும். படகு பிந்தும் ஒவ்வொரு விடியலிலும் அந்த வீட்டுப் பெண் அதை நினைத்து நடுங்குவாள். சமாரியக் கிராமம் ஏற்காதபோது வானத்து அக்கினியைக் கேட்ட யாக்கோபையும் யோவானையும் இயேசு கண்டித்தார். பிறகு வேறு கிராமத்துக்கு நடந்தார். சாபம் சொன்னவர் அந்த வீட்டுக்குத் திரும்பிப்போய்ச் சொன்னதை வாபஸ் வாங்க வேண்டும். தனியாக அல்ல, மூப்பர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு. அந்த நடைக்கு மனம் வராவிட்டால், கொஞ்சக் காலம் மேடையை விட்டு இறங்கியிருப்பதே ஜனங்களுக்கு நல்லது.

(அடுத்த வாரம்: 1705இல் வாஸ் அடிகளாருக்குத் துணையாக வந்து, சிங்களத்திலும் தமிழிலும் நூல்கள் எழுதி, 1742இல் இதே புத்தளம் மாவட்டத்தின் போலவத்தையில் அடக்கமான யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார்.)