ஸ்பானிய மொழி இலக்கணப் போதனை: இரு முறைகளின் ஒப்பீடு

பிறமொழி கற்கும் மாணவர் இலக்கண விதியைத் தடையின்றி ஒப்புவிக்கிறார். பயிற்சி ஏட்டிலும் பிழையின்றி எழுதுகிறார். ஆயினும், அம்மொழி வாக்கியத்தைச் செவியால் கேட்டதும் பொருளைத் தலைகீழாகக் கொள்கிறார். ஆசிரியர் பலரும் கண்டுள்ள இந்நிலைக்குரிய காரணத்தை, அமெரிக்காவில் ஸ்பானிய மொழி பயில்வோரிடையே நடந்த ஆராய்ச்சி ஒருவாறு விளக்குகிறது.

'லோ வே மரியா' என்பது ஒரு ஸ்பானிய வாக்கியம். 'லோ' என்பதற்கு 'அவனை' என்பது பொருள். 'வே' என்பது இங்கே 'பார்க்கிறாள்' எனப்படும். எனவே, அவனை மரியா பார்க்கிறாள் என்பதே கருத்து. தமிழில் 'ஐ' உருபு செயப்படுபொருளைக் காட்டிவிடுவதால், சொற்கள் இடம் மாறினும் பொருள் மயங்குவதில்லை. ஆங்கிலத்திலோ முதலில் நிற்கும் பெயரே பெரும்பாலும் எழுவாயாகும். அப்பழக்கத்தில் ஊறிய மாணவர் பலர், அவன் மரியாவைப் பார்க்கிறான் என்றே கொள்கின்றனர்.

இப்பிழையைக் களையும் வழிகளை வான்பாட்டன், காதியெர்னோ ஆகிய இருவரும் ஒப்பிட்டு, முடிவுகளை 1993ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பல்கலைக்கழக மாணவர் மூன்று பிரிவினராக்கப்பட்டனர். முதற் பிரிவினர்க்கு வழக்கம்போல் விதி விளக்கப்பட்டு, வாக்கியம் அமைக்கும் பயிற்சி அளிக்கப்பட்டது. இரண்டாம் பிரிவினர்க்கு விதியுடன், முதற் பெயரை எழுவாயாகக் கருதும் பழக்கம் பற்றிய எச்சரிக்கையும் கூறப்பட்டது. பின்னர் அவர்கள் வாக்கியத்தைக் கேட்டும் படித்தும், அதன் பொருளுக்கு இசைந்த படத்தைத் தேர்ந்தெடுத்தல் போன்ற பயிற்சிகளைச் செய்தனர். தாமாக வாக்கியம் அமைக்கவில்லை. மூன்றாம் பிரிவினர்க்கு இப்பாடம் நடத்தப்படவில்லை.

பொருளறியும் சோதனையில் இரண்டாம் பிரிவினரே முன்னேறினர். வாக்கியம் அமைக்கும் சோதனையில், அதற்கெனப் பயிற்சி பெறாத இவர்கள் முதற் பிரிவினர்க்கு இணையாக நின்றனர். ஒரு மாதம் கழித்து நடந்த சோதனையிலும் இப்பயன் நிலைத்திருந்தது.

எனினும், இதனை முடிந்த முடிபாகக் கொள்வதற்கில்லை. டிகைசர், சோகால்ஸ்கி ஆகியோர் 1996இல் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, பொருளறியும் பயிற்சி பொருளறியும் திறனையும், அமைக்கும் பயிற்சி அமைக்கும் திறனையும் வளர்க்கும் போக்குக் காணப்பட்டது. ஆனால், எடுத்துக்கொண்ட இலக்கணக் கூற்றின் கடினத்தையும் சோதனை நடந்த காலத்தையும் பொறுத்து முடிவு வேறுபட்டது.

ஆகவே, ஒரு முறையை ஏற்று மற்றதைத் தள்ளுவது முறையன்று. புதிய விதியைக் கற்பித்ததும் வாக்கியம் அமைக்குமாறு மாணவரைப் பணிப்பதற்கு முன்னர், அவ்விதியால் மட்டுமே பொருள் விளங்கக்கூடிய சில வாக்கியங்களைக் கேட்கச் செய்து, 'யார் யாரைப் பார்க்கிறார்?' என ஆசிரியர் வினவலாம். அவ்வினாவுக்கு வரும் விடையே, விதி மாணவர் மனத்தில் பதிந்ததா, ஏட்டில் மட்டும் நின்றதா என்பதைக் காட்டிவிடும்.