அயல்நாட்டு ஆர்கனும் நம் ஊர் மின்சாரமும்



வெளிநாடுகளில் இருக்கும் அன்பர்கள் விடுமுறைக்கு வரும்போது, மருத்துவமனை ஜெபக்கூடத்திற்கென்று பழைய இசைக்கருவிகளைக் கொண்டுவந்து கொடுப்பதுண்டு. ஆர்கன், கீபோர்டு, ஆம்ப்ளிஃபையர் என்று எதுவானாலும் நன்றியோடு பெற்றுக்கொள்கிறோம். ஆனால் அவற்றை இங்குள்ள மின்சாரத்தில் இணைக்கும் காரியத்தில் நாங்கள் ஒருமுறை தவறினோம். அதனால் ஒரு பிள்ளையின் உயிர் மயிரிழையில் தப்பியது. ஆகவே இதைச் சற்று விவரமாகவே எழுதுகிறோம்.

புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் அநேகம் என்பதை நீங்கள் அறிவீர்கள். அப்படிப்பட்ட ஒரு குடும்பத்தார், 1970-களில் செய்யப்பட்ட எலெக்ட்ரானிக் ஆர்கன் ஒன்றைப் பிரான்சிலிருந்து கொண்டுவந்து கொடுத்தார்கள். அங்கும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்; இங்கும் அதுவே. ஆகையால் யோசனை ஏதுமின்றிப் பிளக்கைச் சொருகினோம். கொஞ்சம் தளர்வாக இருந்தது. மற்றபடி அருமையாக ஒலித்தது.

ஐப்பசி மழைநாளில் ஒரு மாலை, நர்சிங் மாணவி ஒருத்தி வெறுங்காலோடு ஈரத்தரையில் நின்று, ஒரு கையை ஆர்கனின் இரும்புச் சட்டத்தில் வைத்தபடி, மறுகையால் மைக்கைத் தொட்டாள். அடுத்த கணம் தூக்கி எறியப்பட்டாள். எழுந்து உட்கார்ந்தபோது கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. எங்களுக்கும்தான்.

மறுநாள் பெரிய மார்க்கெட்டை ஒட்டிய சந்தில் கடை வைத்திருக்கும் வயதான மெக்கானிக் ஒருவரை அழைத்துவந்தோம். அவர் கருவியைத் திறக்கவே இல்லை. பிளக்கைத்தான் முதலில் எடுத்துப் பார்த்தார். பிரெஞ்சுப் பிளக்கில் இரண்டு உருண்டைக் கம்பிகளும் ஒரு துளையும் இருக்கும். பிரான்சில் எர்த் கம்பி சுவரிலுள்ள சாக்கெட்டிலிருந்து நீட்டிக்கொண்டு நின்று, அந்தத் துளைக்குள் நுழையும். நம் ஊர் சாக்கெட்டில் அப்படிப்பட்ட கம்பி கிடையாது. மேலும் அதன் கம்பிகள் 4.8 மில்லிமீட்டர் தடிப்பு. நம் 5 ஆம்பியர் பிளக்கின் கம்பிகளோ 5 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். தளர்ச்சிக்குக் காரணம் அதுதான். ஆர்கன் பாடியது, ஆனால் எர்த் இல்லாமலே பாடிக்கொண்டிருந்தது. உள்ளே பழுதான ஒரு பாகத்தின் வழியாகச் சட்டத்திற்குக் கசிந்த மின்சாரம், எர்த் உள்ள மைக்கை நோக்கி அந்தப் பெண்ணின் மார்பு வழியாகப் பாய்ந்திருக்கிறது. 1972-இல் வேல்ஸ் நாட்டு ஸ்வான்சீ நகரில், மேடையிலேயே மைக்கைத் தொட்டு மின்சாரம் தாக்கி இறந்துபோனார் லெஸ் ஹார்வி என்ற கிதார் கலைஞர். அங்கும் எர்த் சரியாக இல்லாததே காரணம் என்று பின்னால் வாசித்தோம்.

மெக்கானிக் பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு நம் ஊர் மூன்று முனைப் பிளக்கை மாட்டினார். கசிந்த பாகத்தையும் மாற்றினார். ஆனால் நிறத்தை நம்பி ஒயரைச் சேர்க்கவில்லை. ஒவ்வொன்றையும் மீட்டர் வைத்துச் சோதித்தார். காரணம் கேட்டோம். 1960-களுக்கு முந்திய ஜெர்மன் கருவிகளில் சிவப்பு ஒயர்தான் எர்த். நம் ஊரிலோ வெகுகாலமாகச் சிவப்பு என்றால் பேஸ். நிறம் பார்த்து இணைத்தால் கருவியின் உடம்பு முழுவதும் 230 வோல்ட் நிற்கும்! இதைக் கேட்டபோது எங்களுக்கு உடல் சிலிர்த்தது.

பிரான்சிலிருந்து வரும் இன்னும் பழைய ரேடியோக்களிலும் ஆம்ப்ளிஃபையர்களிலும் வேறொரு கண்ணி உண்டு. 1950-களில் அங்கே பல இடங்களில் 110 அல்லது 127 வோல்ட்தான். ஆகவே பின்பக்கத்தில் வோல்ட்டை மாற்றும் திருகு ஒன்று இருக்கும். அது 127-இல் நின்றால், சொருகியவுடன் புகைதான். காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய ரேடியோவை ஆசையாய் வாங்குகிறவர்களும் இதைக் கவனிப்பது நலம்.

அமெரிக்கக் கருவிகளுக்கு வருவோம். அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். "ஒரு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினால் போதுமே" என்று பலரும் சொல்வார்கள். வோல்ட்டைப் பொறுத்தவரை அது சரி. கருவி எடுக்கும் வாட்டைவிடத் தாராளமாய்ப் பெரியதாக வாங்க வேண்டும், அவ்வளவே. ஆனால் மலிவாய்க் கிடைப்பவற்றில் பல ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர்கள். அவை வோல்ட்டைக் குறைக்குமே தவிர, மெயின் லைனிலிருந்து கருவியைப் பிரித்து வைக்காது. பழைய அமெரிக்க வால்வு ரேடியோ சிலவற்றில் இரும்புச் சட்டமே மெயின் லைனோடு இணைந்திருக்கும். அவற்றிற்கு இரண்டு சுற்றுகளும் தனித்தனியாக உள்ள ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம் வேண்டும்.

ஹெர்ட்ஸை எந்த டிரான்ஸ்ஃபார்மரும் மாற்றாது. சென்ற ஆண்டு அமெரிக்காவிலுள்ள ஒரு ஆதரவாளர், தம் சபையிலிருந்த ஹாமண்ட் ஆர்கனை அனுப்ப மனமுவந்து முன்வந்தார். லாரன்ஸ் ஹாமண்ட் முதலில் மின்சாரக் கடிகாரம் செய்தவர். மின்சாரத்தின் துடிப்பைப் பின்பற்றியே ஓடும் அதே வகை மோட்டாரைக் கொண்டு 1935-இல் ஆர்கனை வெளியிட்டார். 60 துடிப்புக்குச் செய்த அந்த மோட்டார் 50-இல் ஓடினால் வேகம் ஆறில் ஐந்தாகும். சுருதி மூன்று அரைச்சுரத்துக்கும் சற்று அதிகமாக இறங்கிவிடும். பாடகர் குழு ஒரு சுருதியிலும் ஆர்கன் வேறொன்றிலும் நிற்கும். 33⅓ சுற்று இசைத்தட்டும் அப்படிப்பட்ட மோட்டாரில் 28-க்கும் குறைவாகவே சுற்றும். ஐரோப்பாவுக்கென்று 50 ஹெர்ட்ஸ் ஹாமண்ட் ஆர்கனும் செய்தார்கள். கிடைத்தால் அதுவே உத்தமம். அந்த அன்பருக்கு இதை விளக்கி எழுதினோம். 150 கிலோவுக்கு மேற்பட்ட பொருளைக் கப்பலேற்றும் செலவு அவருக்கு மிஞ்சியது.

பல ஆண்டுகள் உறங்கிய வால்வுக் கருவியை நேரே சொருகாதீர்கள். உள்ளே கண்டென்சர்கள் காய்ந்துபோயிருக்கும். எங்கள் மெக்கானிக், 100 வாட் குண்டு பல்பு ஒன்றை லைனில் தொடராக இணைத்துத்தான் முதலில் மின்சாரம் கொடுப்பார். பல்பு முழுப் பிரகாசமாக எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட் என்று அர்த்தம், கருவி பிழைத்தது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சரில் மின்சாரம் தங்கியிருக்கும் என்பதால், மூடியைத் திறக்கும் வேலை நம்முடையதல்ல. 1980-களின் சிறிய கீபோர்டுகளில் இந்தத் தொல்லை குறைவு. அவற்றின் அடாப்டரை இங்கேயே வாங்கலாம். வோல்ட்டும், நடு முனை பிளஸ்ஸா மைனஸா என்பதும் கருவியின் பின்புறக் குறியோடு ஒத்துப்போக வேண்டும்.

இப்போது ஜெபக்கூடத்தில் 30 மில்லிஆம்பியர் கசிவுக்கே லைனைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்றைப் பொருத்தியிருக்கிறோம். ஆர்கனுக்கு அடியில் ரப்பர் விரிப்பும் உண்டு. அந்த மாணவி படிப்பை முடித்து, எங்கள் பிரசவ வார்டிலேயே பணிசெய்கிறாள். ஞாயிறுதோறும் அதே ஆர்கனை அவளே வாசிக்கிறாள், செருப்பைக் கழற்றாமல். ஜெபக்கூடத்தில் அவளுக்கு மட்டும் அந்தச் சலுகை.

கருவி அனுப்ப விரும்பும் அன்பர்கள், அதன் பின்புறத் தகட்டில் உள்ள வோல்ட், ஹெர்ட்ஸ், வாட் ஆகிய மூன்றையும் அப்படியே எழுதி, பிளக்கின் படத்தோடு முன்கூட்டியே எங்களுக்கு அனுப்பும்படி வேண்டுகிறோம். மெக்கானிக்கிடம் காட்டிவிட்டுப் பதில் எழுதுவோம்.