கொச்சிக் கரைக்கு வந்த ஓர்லாந்தோ

சாயா ஆறுவதற்குள் ஒன்றைப் பேசிவிடலாம். பழைய இத்தாலிய ஓபராவை இன்றைய மேடைக்குக் கொண்டுவரும்போது எதை மாற்றலாம், எதில் கை வைக்கக் கூடாது? கொச்சி மட்டாஞ்சேரியில் உட்கார்ந்து இதைக் கேட்கக் காரணம் உண்டு.

ஓர்லாந்தோ என்ற வீரன் ஆஞ்சலிக்காவைக் காதலிக்கிறான். அவள் வேறொருவனை விரும்பியதும் பித்தனாகிறான். இத்தாலியக் கவிஞர் அரியோஸ்தோ 1516-இல் வெளியிட்ட காவியக் கதை இது. இதை விவால்டி 1727-இல் வெனிசிலும், ஹேண்டல் 1733-இல் லண்டனிலும் ஓபராவாக்கினார்கள். 2011-இல் ஸ்காட்லாந்தில் ஹேண்டலின் கதையை இரண்டாம் உலகப் போர்க்கால மருத்துவமனைக்குள் வைத்தார்கள். ஓபராவில் வரும் மந்திரவாதி மருத்துவரானார், வீரன் மனம் சிதைந்த நோயாளி ஆனான். பாட்டும் இசையும் ஹேண்டலுடையவைதான்.

அந்த வீரன் ரோல்தான் என்ற பெயரில் இந்தக் கொச்சிக் கரைக்கும் வந்திருக்கிறான். போர்த்துகீசியர் காலத்தில் லத்தீன் கிறிஸ்தவர்களிடையே வளர்ந்த சவிட்டுநாடகத்தில் பேர்போனது 'காறல்மான் சரிதம்', அதாவது அவனுடைய அரசன் சார்லமேனின் கதை. தமிழ்நாட்டிலிருந்து வந்த சின்னத்தம்பி அண்ணாவி எழுதியது என்பார்கள். பழைய சுவடிகளின் மொழியில் தமிழ்தான் மிகுதி. தெருக்கூத்தில் நமக்குப் பழக்கமான கட்டியங்காரனும் இங்கே உண்டு.

சவிட்டு என்றால் மிதி. தலையில் கிரீடம், தோளில் சரிகை அங்கி, கையில் வாள். ஆசான் சொல்லிக்கொடுத்த சுவடுகளைத் தாளம் தப்பாமல் மரப்பலகை மேடையில் ஓங்கி மிதிக்க, பலகையே ஒரு வாத்தியமாகிவிடும். கதகளியில் பின்னால் நின்று வேறொருவர் பாடுவார். இங்கே பழைய முறைப்படி, மிதிக்கிறவரே மூச்சு வாங்காமல் பாடவும் வேண்டும். கற்றுக்கொள்ளப் பல மாதம் பிடிப்பது இதனால்தான்.

ஷாஜி என். கருணின் 'குட்டி ஸ்ராங்க்' படத்தில் மம்மூட்டி சவிட்டுநாடகக் கலைஞராக வருகிறார். இன்று கேரளப் பள்ளிக் கலோற்சவத்தில் சவிட்டுநாடகம் போட்டிக் கலை. பல இரவுகள் நீண்ட கதை சில நிமிடங்களில் முடிகிறது. இதில் எனக்குக் குறையில்லை. கதையைச் சுருக்கலாம், புதுக் கதையும் எடுக்கலாம், பெண் வேடத்தைப் பெண்களே கட்டுவது நல்ல மாற்றம். ஆனால் மிதிக்கிறவர் வாயிலிருந்து பாட்டைப் பிரித்துவிட்டால், மிச்சம் வெறும் உடையலங்காரம்தான்.

அந்தப் பாட்டு நிலைக்க, சுவடித் தமிழைப் படித்துப் பொருள் சொல்ல ஆள் வேண்டும். தமிழ் படித்தவர்கள் சவிட்டுநாடகம் நடக்கும் கோதுருத்துப் பக்கம் ஒருமுறை போய் ஆசான்களிடம் கேளுங்கள்.