புல்லுக்கு அடியில் ஒரு கிராமம்

உச்சி வெயிலில் போய் நின்றால் அது வெறும் மேய்ச்சல் நிலம். பொழுது சாயும் நேரம் வரை காத்திருக்க வேண்டும். சூரியன் கீழே இறங்கியதும் முழங்கால் உயரம்கூட இல்லாத மேடுகளின் நிழல் நீண்டு விழும். அப்போதுதான் தெரு, வீடு, கொல்லைப்புறம், எல்லை வரப்பு என ஒவ்வொன்றாகப் புலப்படும். இங்கிலாந்தின் வட யார்க்‌ஷியர் வட்டாரத்தில் உள்ள வாரம்பெர்சி என்ற இடம்தான் அது.

இத்தகைய இடங்களை ஆய்வாளர்கள் இரு வகையாகப் பிரிக்கின்றனர். ஒரு குடும்பம்கூட மிஞ்சாமல் காலியானது ‘கைவிடப்பட்ட கிராமம்’. ஒரு பகுதி மறைந்துபோக, மறுபகுதியில் மக்கள் தொடர்ந்து வாழ்வது ‘சுருங்கிய கிராமம்’. இங்கிலாந்தில் முதல் வகை மட்டுமே ஏறத்தாழ 3,000 உண்டு. ஆனால், கைவிடப்பட்ட பல கிராமங்கள் முதலில் சுருங்கிய கிராமங்களாக இருந்தவையே. வாரம்பெர்சியும் அப்படித்தான். 1368இல் அங்கு சுமார் 30 வீடுகளில் ஆட்கள் இருந்தனர். 1458இல் 16 வீடுகள். 1500ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதுவும் இல்லை.

காரணம் என்ன என்று கேட்டால் பலரும் உடனே சொல்வது 1348, 1349ஆம் ஆண்டுகளின் கொள்ளை நோயைத்தான். கேட்பதற்குப் பொருத்தமாக இருந்தாலும் கணக்கு உதைக்கிறது. நோய் வந்துபோன பிறகும் 30 வீடுகளில் அடுப்பு எரிந்திருக்கிறதே! நோய் செய்தது வேறு. உழைக்கும் கைகள் குறைந்தன, கூலி உயர்ந்தது. நல்ல நிலம் பிற ஊர்களில் சும்மா கிடந்ததால் பல குடும்பங்கள் இடம் பெயர்ந்தன. நிலப்பிரபுக்களுக்கோ கம்பளி வியாபாரம் கைகொடுத்தது. உழவுக்குப் பல பேர் வேண்டும். ஆட்டு மந்தைக்கு ஒரு மேய்ப்பன் போதும்.

1517இல் அரசாங்கம் நடத்திய விசாரணையில் இந்த ஊரின் பெயரும் பதிவாகியுள்ளது. நிலத்துக்குச் சொந்தக்காரரான ஹில்டன் பிரபு 4 ஏர்களை நிறுத்தினார், 4 வீடுகளைப் பாழாக்கினார் என்பது அதன் சாரம். வீடுகளை இடித்து ஊர்களைக் காலியாக்குவதைத் தடுக்க 1489லேயே சட்டம் வந்துவிட்டது என்பது இங்கு கவனிக்கத்தக்கது. வெளியேற்றப்பட்ட அந்தக் குடும்பங்களின் பெயர்களைப் பதிவு சொல்லவில்லை. ஏர்களின் எண்ணிக்கை மட்டும் இருக்கிறது.

சரி, மண்ணை எப்படி வாசிப்பது? இரு பக்கமும் கரை உயர்ந்து நடுவில் நீளமாகப் பள்ளம் ஓடினால் அது பழைய தெரு. மாடும் வண்டியும் மனிதரும் பல நூறு ஆண்டுகள் நடந்து தேய்ந்த தடம். அதன் ஓரத்தில் செவ்வகமாகத் தட்டையாகத் தெரிவது வீட்டு மனை. இங்கிருந்த வீடுகள் நீளமானவை. சிலவற்றில் ஒரு முனையில் குடும்பம், மறு முனையில் கால்நடை. பின்னால் நீண்டு போவது கொல்லை.

ஊரைத் தாண்டினால் வயல். அக்கால இங்கிலாந்தின் ஏர் மண்ணை ஒரே பக்கமாகத்தான் புரட்டும். ஒரு துண்டு நிலத்தைச் சுற்றிச் சுற்றி உழும்போது மண் நடுவை நோக்கி ஏறி, காலப்போக்கில் நீண்ட முதுகுபோல் உயர்ந்துவிடும். அந்த முதுகுகள் பெரும்பாலும் நேராக இருக்காது; லேசாக வளைந்திருக்கும். 8 எருதுகள் வரை பூட்டிய நீளமான ஏரை வயலின் கோடியில் சட்டெனத் திருப்ப முடியாது, முன்கூட்டியே ஒதுங்க வேண்டும். எருதுகளின் அந்தச் சிரமம் இன்றும் மண்ணில் வளைவாக நிற்கிறது!

இதையெல்லாம் ஆதாரத்தோடு நிலைநாட்டியவர் மாரிஸ் பெரஸ்போர்ட். தொல்லியல் நிபுணர் அல்லர். பொருளாதார வரலாற்று ஆசிரியர். மேடுகள் வீடுகள்தாம் என்று காட்டுவதற்காக 1950இல் மண்வெட்டியோடு இறங்கினார். 1952இல் தொல்லியலாளர் ஜான் ஹர்ஸ்ட் சேர்ந்தார். பிறகு 1990 வரை, கோடைதோறும் சில வாரங்கள், தன்னார்வலர்களைக் கொண்டே அகழாய்வு நடந்தது. தேவாலயத்தின் இடுகாட்டில் கிடைத்த எலும்புகளை ஆராய்ந்தபோது, அந்த ஊர்த் தாய்மார்கள் சுமார் ஒன்றரை ஆண்டுகள் குழந்தைகளுக்குத் தாய்ப்பால் கொடுத்தது தெரிய வந்தது. எந்த ஏட்டிலும் இல்லாத செய்தி.

எல்லா ஊர்களுக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு டிராக்டர்கள் பெருகின. பற்பல மண்மேடுகள் உழப்பட்டுச் சமமாயின. ஒருமுறை உழுதுவிட்டால் மேடு திரும்பாது. தாழ்வாகப் பறந்து எடுத்த பழைய வான்படங்களில் மட்டுமே காணக் கிடைக்கும் கிராமங்களும் உண்டு.

வாரம்பெர்சியில் தரைக்கு மேல் எஞ்சி நிற்கும் இடைக்காலக் கட்டடம் புனித மார்ட்டின் தேவாலயம் ஒன்றுதான். ஊரோடு சேர்ந்து அதுவும் வளர்ந்தது, ஊரோடு சேர்ந்து சுருங்கியது. கூட்டம் பெருகிய காலத்தில் பக்கவாட்டில் நீட்டிக் கட்டினார்கள்; ஆட்கள் குறைந்ததும் அதை இடித்துவிட்டு வளைவுகளைக் கல்லால் அடைத்தார்கள். அடைத்த தடயம் சுவரில் அப்படியே இருக்கிறது. ஊர் காலியான பின்னும் பக்கத்துத் திக்ஸன்டேல் கிராமத்தார் குன்றுகளைக் கடந்து அங்கு நடந்தே வழிபட வந்தனர். 1870இல் அவர்கள் ஊரிலேயே தேவாலயம் எழுந்தது. வாரம்பெர்சியில் கடைசி வழிபாடு நடந்தது 1949இல். இப்போது கூரை இல்லை. கோபுரத்தில் பாதி இல்லை.