தீர்ப்பைப் படித்த நான்கு பேர்

'சட்டம் படிச்சவரு சொன்னா சரியாத்தான் இருக்கும்' என்பது திருத்தணியில் அடிக்கடி காதில் விழும் வாக்கியம். ஊரே ஒரு சட்டத்தால் மாநிலம் மாறிய ஊர். ம.பொ.சி.யின் போராட்டம், படாஸ்கரின் பரிந்துரை, 1959ஆம் ஆண்டின் எல்லை மாற்றச் சட்டம், பிறகு 1960 ஏப்ரல் 1. போதாக்குறைக்கு, பேராசிரியராக இருந்து குடியரசுத் தலைவரான ராதாகிருஷ்ணன் பிறந்த ஊரும் இதுதான். சட்டத்தின் மீதும் பேராசிரியர்கள் மீதும் இங்கே மரியாதை கொஞ்சம் கூடுதல். தொலைக்காட்சி விவாதத்தில் 'சட்ட வல்லுநர்' என்ற பட்டத்தோடு உட்கார்ந்திருப்பவரையும் அதே மரியாதையோடுதான் பார்க்கிறோம். பெரும்பாலும் அவர் வழக்கறிஞர், இல்லையென்றால் ஓய்வுபெற்ற நீதிபதி. சட்டம் கற்பிக்கிறவர் அங்கே ஏன் அபூர்வம்?

வழக்கறிஞர் நாளைக்கு அதே நீதிபதி முன்னால் நின்றாக வேண்டும். ஆசிரியருக்கு அந்தக் கட்டாயம் இல்லை, வேறொன்று இருக்கிறது. அரசு சட்டக் கல்லூரி ஆசிரியர் அரசு ஊழியர். 1973ஆம் ஆண்டின் நடத்தை விதிகள் அரசைப் பொதுவில் விமர்சிக்க அவரை விடாது. 1891இல் தொடங்கிய சென்னை சட்டக் கல்லூரி 2018இல் இடம் பெயர்ந்தபோது, அதில் ஒரு பாதி நாங்கள் திருவள்ளூர் போகிற வழியில் இருக்கும் பட்டரைப்பெரும்புதூருக்கு வந்தது. மாணவர்கள் தெருவில் நின்று எதிர்த்தார்கள். அப்படி நிற்க ஆசிரியருக்கு விதி இடம் தராது. ஆக, மௌனம் தனிமனிதக் கோழைத்தனம் மட்டுமல்ல, அது நிறுவனத்தால் கட்டமைக்கப்படுகிறது.

இந்த மௌனம் ஒருமுறை உடைந்த விதத்தை நம் ஆட்கள் கவனமாகப் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். 1972 மார்ச் 26 இரவு, மகாராஷ்டிரத்தின் தேசாய்கஞ்ச் காவல் நிலையத்தில் ஓர் ஆதிவாசிப் பெண், பதினாறு வயதுக்குள் இருக்கும், புகார் விசாரணைக்காக வந்தவர், காவலர் ஒருவரால் வல்லுறவுக்கு ஆளானார். இன்னொரு காவலர் மீதும் குற்றச்சாட்டு. உறவினர்கள் வெளியே நின்றிருந்தார்கள். அமர்வு நீதிமன்றம் விடுதலை, உயர்நீதிமன்றம் தண்டனை, 1978 செப்டம்பர் 15இல் உச்சநீதிமன்றம் மறுபடி விடுதலை. காயமில்லை, கூச்சலில்லை, எனவே சம்மதம் என்றது தர்க்கம். மூவர் அமர்வில் ஒருவர், சென்னை உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்த பி.எஸ்.கைலாசம். அந்தப் பெண்ணின் பெயரில்தான் வழக்கு இன்று அறியப்படுகிறது. நான் அதை எழுதவில்லை. காரணம் பின்னால்.

ஓராண்டு கழித்து 1979 செப்டம்பர் 16 தேதியிட்டு உபேந்திர பக்ஷி, வசுதா தகம்வார், ரகுநாத் கேல்கர், லோத்திகா சர்க்கார் ஆகிய நால்வர் தலைமை நீதிபதிக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். நால்வரும் சட்டம் கற்பித்தவர்கள். அதில் வெறும் ஆவேசம் இல்லை, மாணவனின் விடைத்தாளைத் திருத்துகிற மாதிரி தீர்ப்பைத் திருத்தியிருந்தார்கள். பணிந்துபோவது வேறு, சம்மதிப்பது வேறு. உயர்நீதிமன்றம் கண்ட இந்த வேறுபாட்டை உச்சநீதிமன்றம் எங்கே தொலைத்தது? பெண்ணைக் காவல் நிலையத்துக்கு விசாரணைக்கு அழைப்பதே சட்டவிரோதம் என்று நந்தினி சத்பதி வழக்கில் அதே 1978 ஏப்ரலில் சொன்னது இதே நீதிமன்றம். அந்த அமர்வில் இருந்த ஜஸ்வந்த் சிங் இந்த அமர்விலும் இருந்தார். ஐந்து மாதத்தில் மறந்தா போகும்? அகங்கையை விரித்துக் காட்டுகிற மாதிரி நீதிமன்றத்துக்கு அதன் பிரதியையே விரித்துக் காட்டுவது, இதுதான் அவர்கள் கண்ட வாசிப்பு. வழக்கை மறுபடி விசாரிக்கச் சொன்னார்கள்.

இதில் துணிச்சல் இல்லையா என்றால், இருக்கிறது. நீதிமன்றத்தை வர்க்கச் சார்புடையது என்று சொன்ன இ.எம்.எஸ். நம்பூதிரிபாடுக்கு அவமதிப்புக் குற்றத்துக்காக விதித்த அபராதம் ஆயிரம் ரூபாய், 1970இல் உச்சநீதிமன்றம் அதை ஐம்பதாகக் குறைத்தது, குற்றத்தை உறுதிசெய்தது. தீர்ப்பின் மீதான நியாயமான விமர்சனம் குற்றமாகாது என்று 1971ஆம் ஆண்டின் அவமதிப்புச் சட்டம் சொல்கிறதுதான். எது நியாயம் என்று முடிவு செய்யப்போவது யார்? நீதிமன்றமேதான்.

கடிதம் சட்ட இதழில் அச்சானது. தனியாக விட்டிருந்தால் அங்கேயே மக்கிப் போயிருக்கும். பெண்கள் அமைப்புகள் அதை எடுத்துக்கொண்டு 1980 மார்ச் 8இல் பல நகரங்களில் தெருவுக்கு வந்தன. நீதிமன்றம் தீர்ப்பைத் திருத்தவில்லை. நாடாளுமன்றம்தான் 1983இல் சட்டத்தைத் திருத்தியது. காவலில் நடக்கும் வல்லுறவில் உடலுறவு நிரூபிக்கப்பட்டு, பெண் சம்மதிக்கவில்லை என்று சொன்னால், சம்மதமில்லை என்றே நீதிமன்றம் கொள்ள வேண்டும் என்றானது. பாதிக்கப்பட்டவரின் பெயரை வெளியிடக் கூடாது என்ற பிரிவும் அப்போது வந்ததுதான். இந்த ஏற்பாடுகள் 2024 ஜூலைக்குப் பிறகு புதிய சட்டங்களில் வேறு எண்களோடு தொடர்கின்றன.

எனக்கு ஒரு சங்கடமும் உண்டு. கடிதம் ஆங்கிலத்தில். யாருக்காகப் பேசினார்களோ அவர் மொழியில் அல்ல. அவர் பெயர் குறியீடானது, அவர் குரல் ஆவணத்துக்குள் வரவில்லை. பேராசிரியர்களின் சொல்லாடலும் ஓர் அதிகாரம்தான், அதை நாம் மறைக்கத் தேவையில்லை. ஆனாலும் இரண்டுக்கும் வித்தியாசம் தெரிகிறது. விவாதத்தில் உட்கார்ந்திருப்பவர் தீர்ப்பு வந்த அரைமணியில், படிக்காமலே பேசுகிறார். அவர்கள் படித்துவிட்டு, பெயர் போட்டு, பதில் சொல்ல வேண்டியவருக்கே அனுப்பினார்கள். 1981இல் பக்ஷியும் சர்க்காரும் செய்தித்தாளில் ஆக்ரா பெண்கள் காப்பகத்தின் நிலையைப் படித்துவிட்டு உச்சநீதிமன்றத்துக்கு எழுதிய கடிதம் ரிட் மனுவாகவே ஏற்கப்பட்டது. அங்கே பத்திரிகை அவர்களுக்கு மேடையாக அல்ல, சாட்சியாகப் பயன்பட்டது.

1983 திருத்தம் ஒன்றைத் தொடவில்லை: வல்லுறவு வழக்கில் பெண்ணின் 'ஒழுக்கத்தை'க் காட்டி அவர் சாட்சியத்தைக் குலைக்க எதிர்த்தரப்புக்கு இடம் தந்த சாட்சியச் சட்டப் பிரிவு. அதை நீக்க 2002ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் வரவேண்டியிருந்தது.