உங்களுக்குத் தெரியுமா? சேலரி வேறு, வேஜ் வேறு!

காஞ்சிபுரத்தை அடுத்த ஐயங்கார்குளத்தில் நாற்று நடப் போகும் அக்கா ஒரு நாள் வரவில்லை என்றால் அன்றைய காசு இல்லை. அது கூலி, ஆங்கிலத்தில் ‘வேஜ்’. பள்ளி ஆசிரியருக்கு ஞாயிறு, பொங்கல் விடுமுறையெல்லாம் சேர்த்தே மாதக் கடைசியில் சம்பளம் வந்துவிடும். அதுதான் ‘சேலரி’.

சேலரிக்கு வேர் ‘சலாரியம்’ என்ற லத்தீன் சொல். உப்போடு தொடர்புடையது. ரோமாபுரி வீரர்களுக்கு உப்பையே சம்பளமாக அளந்தார்கள் என்ற கதைக்கு உறுதியான சான்று கிடையாது. ‘வேஜ்’ என்பதன் பழைய பொருளோ அடமானம், பிணை. திருமணத்தைக் குறிக்கும் ‘வெட்டிங்’கூட இதற்குத் தூரத்துச் சொந்தம்தான்!

நம்ம ‘சம்பளம்’? சம்பா நெல்லும் அளத்து உப்பும் சேர்ந்தது என்பார்கள். வடமொழியில் ‘சம்பல’ என்றால் வழிப்பயணத்துக்கான கட்டுச்சோறு. எனக்கென்னவோ கட்டுச்சோறுதான் பொருத்தமாகப் படுகிறது. பாதி மாதத்திலேயே தீர்ந்துவிடுகிறதே!

பேச்சில் இத்தனை வித்தியாசம் பார்த்தாலும் சட்டம் பார்ப்பதில்லை. 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பில் ‘வேஜஸ்’ என்ற சொல்லுக்குள்ளேயே சேலரியும் அடக்கம்.