கணக்கெழுதுவோரும் சாட்சி சொல்வோரும்

2009 ஜனவரி 7ஆம் நாள், ஹைதராபாத்தின் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் நிறுவனத் தலைவர் ராமலிங்க ராஜு தம் இயக்குநர் குழுவுக்குக் கடிதம் எழுதினார். கணக்கில் காட்டப்பட்ட ரொக்கமும் வங்கி இருப்புமான 5,361 கோடி ரூபாயில் 5,040 கோடி இல்லவே இல்லை என்பது அதன் சாரம். முந்தைய ஆண்டுதான் அந்நிறுவனம் சிறந்த நிர்வாகத்திற்கான ‘கோல்டன் பீகாக்’ விருதைப் பெற்றிருந்தது!

வெள்ளைக் காலர் குற்றம் என்றதும் எவராலும் அறியவொண்ணாத சூழ்ச்சி என மலைக்கிறோம். இங்கு நிகழ்ந்ததோ போலி விற்பனைச் சீட்டுகளும் போலி வைப்புநிதிச் சான்றுகளும்தாம். தணிக்கையாளர்கள் வங்கிகளிடமே நேரடியாகக் கேட்டுச் சரிபார்த்திருப்பின் அப்பொய் ஆண்டுக்கணக்கில் நீடித்திராது. ஆனால், தணிக்கையாளருக்கு ஊதியம் தருவது தணிக்கைக்கு உள்ளாகும் நிறுவனமே. முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

எழுதுபவரின் சுதந்திரம் பற்றிய இக்கவலை நமக்குப் புதிதன்று. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) கடனை எழுதிவைப்பது குறித்ததே. எழுத்தர் நீதியுடன் எழுதப் பணிக்கும் அவ்வசனம், எழுத்தருக்கும் சாட்சிக்கும் தீங்கிழைப்பதையும் தடுக்கிறது. இப்பிற்பகுதியே ஈண்டு நம் கவனத்திற்குரியது.

2015 ஏப்ரலில் ராஜு உள்ளிட்ட பத்துப் பேருக்கு ஏழாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. அடுத்த மாதமே பிணை கிடைத்தது. தண்டனையினும் தடுப்பே பயன்தரும் என்போம். 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களில் முறைகேட்டைத் தெரிவிப்போருக்குப் பாதுகாப்பான வழியமைக்கப் பணித்தது. எனினும் அப்புகாரைக் கேட்கும் குழுவை அமர்த்துவது அதே இயக்குநர்களே. 2018இல் அமைந்த தேசிய நிதி அறிக்கை ஆணையமும் தவறிழைத்த தணிக்கையாளரைத் தண்டிக்கிறதேயன்றி நியமிப்பதில்லை. பெருநிறுவனங்களிடம் கட்டணத்தை வசூலித்து, தணிக்கையாளரை அமர்த்தி ஊதியமளிக்கும் பொறுப்பை அவ்வாணையத்திடமே ஒப்படைக்கலாம்.